வன்னிக் கிராமமொன்றின் சுகாதாரத் தேவைகளை மதிப்பிடுதல்: களத்தில் இறங்கும் தாதியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அதில் வந்தவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். நீரிழிவுக்கு மாதாமாதம் மருந்து எடுப்பவர், குழந்தையை நிறுக்கக் கொண்டுவந்த தாய், காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டவர் என்று அத்தனை பேரும் ஏதோ ஒரு வழியில் நம்மிடம் வந்து சேர்ந்தவர்கள். விடியுமுன்னே ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் பொழுதுபட்ட பின் வீடு திரும்பும் பெண்ணைப் பற்றியும், ஒற்றைக் காலோடு வயல் வரம்பில் நடக்கும் கமக்காரரைப் பற்றியும், கிளினிக் நாளில் கடலில் நிற்கும் மீனவரைப் பற்றியும் அந்தப் பதிவேடு ஒன்றும் சொல்லாது. ஒரு கிராமத்தின் சுகாதாரத் தேவையை மதிப்பிடுவது என்பது பெரும்பாலும் அந்த வராதவர்களைத் தேடிப் போகிற வேலைதான்.

இந்த வழிகாட்டி, வன்னியில் ஒரு கிராம அலுவலர் பிரிவையோ அதை ஒட்டிய இரண்டு மூன்று பிரிவுகளையோ பொறுப்பெடுத்து மதிப்பீடு செய்யவேண்டிய தாதிய உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சியிலுள்ள தாதிய மாணவர்களுக்கும் எழுதப்படுகிறது. வன்னி என்று இங்கே குறிப்பிடுவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களையும் மன்னாரின் பெருநிலப் பகுதியையும் ஆகும். வழிமுறை உலகத்துக்குப் பொதுவானதாக இருக்கலாம். ஆனால் எந்த மாதத்தில் போவது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பவற்றை இந்த மண்தான் தீர்மானிக்கிறது.

எல்லையும் அனுமதியும்

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இலங்கையின் தடுப்புச் சுகாதாரம் எல்லை பிரித்த நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டே இயங்கி வருகிறது. சுகாதார வைத்திய அதிகாரி, அவருடைய பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, களத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் என்ற அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளிலும் இருந்துகொண்டு தொற்றாநோய்களுக்காக வீடுகளுக்குச் செல்லும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இந்த அமைப்புக்குப் பின்னர் வந்து சேர்ந்தவர். ஆகவே அவர் ஏற்கெனவே பலருடைய கால் பட்ட நிலத்தில்தான் தன் காலை வைக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் எல்லையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கிராம அலுவலர் பிரிவின் எல்லையும், குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவு எல்லையும், மக்கள் தங்கள் ஊர் என்று சொல்லும் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு குளத்தின் கீழுள்ள வாய்க்காலுக்கு இப்பால் ஒரு பிரிவும் அப்பால் இன்னொரு பிரிவும் இருக்க, இரு கரையாரும் ஒரே கோயிலுக்கும் ஒரே பாடசாலைக்கும் போய்வருவார்கள். எண்களுக்கு நிருவாக எல்லையையும், கூட்டங்களுக்கும் பேச்சுக்கும் மக்களின் எல்லையையும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

சுகாதார வைத்திய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியுடன், பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். இது சடங்கல்ல. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில் வெளியேறும் வரையிலும், அதன் பின்னரும், இந்த மக்களிடம் படிவத்தோடு வந்தவர்களுக்கு அளவே இல்லை. ஒவ்வொருவரும் பெயர், அட்டை இலக்கம், இழப்பு விபரம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கோப்போடு படலையில் நின்றால் சிலருக்கு உதவி வரப்போகிறது என்ற நினைப்பும் சிலருக்கு விசாரணை என்ற பயமும் எழும். அந்த இரண்டு நிலைகளில் கிடைக்கும் விடைகளும் உங்கள் மதிப்பீட்டைக் கெடுத்துவிடும். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், இதனால் வீட்டுத்திட்டமோ நிவாரணமோ கிடைக்காது, விரும்பாவிட்டால் பதில் சொல்லாமல் விடலாம் என்ற நான்கையும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை

களத்துக்குப் போகுமுன் ஒரு வாரமாவது பதிவேடுகளோடு இருங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் தாய், சேய் சேவைக்குத் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடும், எச்-512 கர்ப்பிணிப் பதிவும், பிறப்பு, நிறை, தடுப்பூசி விபரங்களும் இருக்கும். பரிசோதகரிடம் எச்-544 படிவத்தின் வழியாக அறிவிக்கப்பட்ட டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றின் விபரமும் கிணறு, மலசலகூடம் பற்றிய குறிப்புகளும் இருக்கும். பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பதிவையும், தொற்றாநோய்களை முன்கூட்டியே கண்டறியும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தின் பரிசோதனைப் பதிவையும், 35 வயதையும் 45 வயதையும் எட்டிய பெண்களைக் குறிவைக்கும் சுகவனிதையர் கிளினிக்கின் வரவுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைப் படிக்கும்போது ஒன்றை உற்றுப் பாருங்கள். கிராமத்தில் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியாத வீடு இராது. ஆனால் அவருடைய கடமை தாயையும் குழந்தையையும் சுற்றியது. ஐம்பத்தைந்து வயதான ஓர் ஆண், மணமாகாமல் தாயைப் பராமரித்துக்கொண்டிருக்கும் நாற்பத்தெட்டு வயதுப் பெண், பிள்ளைகள் வெளிநாடு போய்விட வீட்டில் தனித்திருக்கும் கிழவர் ஆகியோர் நோய்வாய்ப்பட்டு வைத்தியசாலைக்கு வரும்வரை எவருடைய பதிவேட்டிலும் இருக்கமாட்டார்கள். ஆரோக்கிய வாழ்வு நிலையத்தின் பதிவில் ஆண், பெண் எண்ணிக்கையைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஆண்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்பது அதன் பொருளல்ல.

அடுத்த சிக்கல் மொத்த மக்கள்தொகை. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேரும் கிளிநொச்சியில் 1,13,000 பேரும் இருந்தனர். மீள்குடியேற்றம் முடியாதிருந்த காலத்து எண்கள் அவை. அவற்றை வைத்து இன்றைய வீதங்களைக் கணிக்க முடியாது. கிராம அலுவலரின் பட்டியலில் பதிவு மட்டும் இங்கிருக்க ஆள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கும் குடும்பங்கள் இருக்கும். மறுபுறம் பதிவில்லாமலே காணியில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களும் இருக்கும். கிராம அலுவலரின் பட்டியலையும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து வீட்டுக்கு வீடு ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வீடுகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், என்றாலும் நீங்கள் தேடிப்போக வேண்டிய வீடுகளில் பாதி அந்தத் தாளில் அகப்பட்டுவிடும்.

நடந்து பார்த்தல்

கிராமத்தை முதல் முறை மோட்டார் சைக்கிளில் சுற்றாதீர்கள். நடந்தோ சைக்கிளிலோ போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஏ-9 வீதியில் நின்று பார்க்கும் கிளிநொச்சிக்கும், பிரதான வீதியை விட்டு இறங்கிக் கிரவல் பாதையில் ஆறேழு கிலோமீற்றர் போன பின் காணும் கிளிநொச்சிக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானைப் பயம் இருப்பதால், மாலை ஐந்து மணிக்குள் திரும்புவதற்கு ஏற்றபடி பயணத்தைத் திட்டமிட வேண்டும். அதே யானைப் பயம்தான் இரவில் நெஞ்சுவலி வந்தவரை விடியும்வரை வீட்டில் வைத்திருக்கிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்துவிட்டது. ஆயினும் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத ஒழுங்கையிலிருந்து அதை அழைக்க முடியாது. எந்த இடத்தில் சமிக்ஞை அறுகிறது என்பதைக் கைவரைபடத்தில் குறிப்பது ஒரு சுகாதாரத் தகவலே.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா, மலக்குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வெள்ளம் வந்தால் எந்தக் கிணறுகள் அமிழும் என்று பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது அமிழ்ந்த கிணறுகள் எவை என்று கேட்டால் முதியவர்கள் விரலால் காட்டுவார்கள். பூநகரிப் பக்கத்தில் சிக்கல் வேறு: அங்கே தண்ணீர் சவர், பவுசர் வரும் நாளை எதிர்பார்த்து வீடுகளில் நீலப் பீப்பாய்கள் இருக்கும். அந்தப் பீப்பாய்க்கு மூடி உண்டா என்பது டெங்குக் கேள்வி. வவுனியா முதலிய உட்பகுதிகளில் நிலத்தடி நீரின் புளோரைட்டும் வன்தன்மையும் கவனத்துக்குரியவை. பாடசாலைப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பற்களைப் பாருங்கள். மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழுந்த பற்கள் பலரிடம் ஒன்றாகக் காணப்பட்டால் அந்த ஊர்க் கிணறுகளைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தை அடுத்துள்ள வன்னிப் பகுதிகளிலும் உண்டு. அதற்கு ஒரே காரணத்தைச் சொல்லும் நிலையில் அறிவியல் இன்னும் இல்லை. ஆகவே ‘இந்தக் கிணற்றுத் தண்ணீரால்தான்’ என்று வாக்குக் கொடுப்பதுபோல் பேசாதீர்கள். ஒரு தாதி சொல்லிவிட்ட சொல் ஒரு கிணற்றை நிரந்தரமாக மூடிவிடக்கூடும்.

கடைகளையும் பாருங்கள். சந்தியிலுள்ள பெட்டிக்கடையின் தட்டில் என்ன இருக்கிறது, பயறும் கடலையும் விற்கிறதா, அல்லது பிஸ்கட்டும் சோடாவும் பாக்குப் பொதியும் மட்டுமா என்பது உணவுப் பழக்கம் பற்றிய எந்தக் கேள்விக்கொத்தையும்விட நேர்மையாகப் பேசும். வெற்றிலையும் புகையிலையும் யார் வாங்குகிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எந்த வயதினரைக் கூப்பிட வேண்டும் என்பது விளங்கும்.

இந்த நடையை ஆண்டில் இருமுறை செய்ய வேண்டும்: ஒன்று ஆடி, ஆவணி வறட்சியில், மற்றது ஐப்பசி, கார்த்திகை மழையில். ஒரே பருவத்தில் பார்த்த கிராமம் பாதிக் கிராமம்தான். மழைக்காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஏறும். வறட்சியில் தண்ணீருக்கு நடக்கும் தூரமும் கூலி வேலைக்காக வீட்டைவிட்டுப் போவோரின் தொகையும் ஏறும்.

கேட்டல்

1972 இல் ஜொனதன் பிரட்ஷோ என்ற பிரித்தானிய சமூகக் கொள்கை ஆய்வாளர் தேவையை நான்காகப் பிரித்துக் காட்டினார்: நிபுணர் வகுத்த அளவுகோலின்படியான தேவை, மக்கள் தாமே உணரும் தேவை, சேவையை நாடி வந்து வெளிப்படுத்தும் தேவை, ஒத்த நிலையிலுள்ள வேறோர் இடத்தோடு ஒப்பிட்டுக் காணும் தேவை. பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துபோகும் இந்தப் பிரிப்பு களத்தில் உண்மையிலேயே உதவுகிறது. எச்-512 பதிவில் குருதிச்சோகை உள்ள கர்ப்பிணிகள் பலர் இருந்தால் அது முதல் வகை. ஆனால் மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். கசிப்பு என்னும் கள்ளச் சாராயத்தைப் பற்றியும், நுண்கடன் தவணைக்கு வரும் ஆளைப் பற்றியும், கிளினிக் நாளில் பேருந்து இல்லாததைப் பற்றியும்தான் பேசுவார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை மற்றதால் அழிக்காமல் அருகருகே எழுதிக்கொள்வதற்குத்தான் இந்த நான்கு வகைகள்.

யாரிடம் கேட்பது? கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், கமக்காரர் அமைப்பின் செயலாளர், கோயில் பரிபாலன சபையார், பங்குத்தந்தை ஆகியோர் எளிதில் கிடைப்பார்கள், நன்றாகவும் பேசுவார்கள். அவர்களோடு நின்றுவிட்டால் கிராமத்தின் முன்வாசலை மட்டும் பார்த்தவர் ஆவீர்கள். முன்பள்ளி ஆசிரியை, விஷகடி வைத்தியர், முச்சக்கரவண்டி ஓட்டுநர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப்பிள்ளை ஆகிய நால்வரையும் தவறவிடாதீர்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது என்று முன்பள்ளி ஆசிரியைக்குத் தெரியும். இரவு எந்த வீட்டிலிருந்து அவசரமாக அழைப்பு வரும் என்று முச்சக்கரவண்டிக்காரருக்குத் தெரியும். விஷகடி வைத்தியரைக் குற்றஞ்சாட்டும் தொனியில் அணுகினால் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவரிடம் போனவர் எத்தனை பேர், புடையன் எந்த வயலில் அதிகம், அறுவடைக் காலமா விதைப்புக் காலமா என்று மரியாதையோடு கேளுங்கள். பாம்பு கடித்தவரை இறுகக் கட்டுப்போடாமல், வெட்டாமல், அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ காயமோ தெரியாமலே போகலாம் என்பதையும், விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு என்பதையும் அவரே ஊருக்குச் சொன்னால், நாம் ஒட்டும் பத்துச் சுவரொட்டிகளுக்கு அது சமம்.

குழுவாகக் கேட்கும்போது எட்டு முதல் பத்துப் பேர் போதும். ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக இருத்தினால் பெண்கள் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார்கள். இளம் பெண்களை மாமிமாரோடு இருத்தினாலும் அதே கதைதான். கூட்டத்துக்கு நாள் வைக்குமுன் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வாரத்தில் முல்லைத்தீவிலும், ஆவணி மடுத் திருவிழாக் காலத்தில் மன்னாரிலும் கூட்டம் வைப்பவர் வெறுங்கதிரைகளோடுதான் பேசுவார்.

வீடு வீடாக

பதிவும் பேச்சும் தராத எண்களுக்காக மட்டுமே வீட்டுக் கணிப்பு. கேள்விக்கொத்து நீளக்கூடாது, முப்பது நிமிடத்தைத் தாண்டினால் பிந்திய பதில்கள் எல்லாம் அலுப்பில் சொன்னவை. ஒரு பிரிவில் 320 குடும்பங்கள் இருப்பதாகவும் உங்களால் 64 வீடுகளுக்குப் போக முடியும் என்றும் வைத்துக்கொள்வோம். 320 ஐ 64 ஆல் வகுத்தால் 5. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த வீட்டிலிருந்து ஒவ்வோர் ஐந்தாவது வீட்டுக்கும் போக வேண்டும். மூன்று என்று வந்தால் 3, 8, 13 என்று போகும்.

இங்கேதான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். எட்டாவது வீடு பூட்டியிருந்தால் ஒன்பதாவது வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பகல் பத்து மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு யாருடையது? கணவன், மனைவி இருவரும் கூலிக்குப் போகும் வீடு, தொழிற்சாலைக்குப் போகும் பெண் தலைமை தாங்கும் வீடு, வைத்தியசாலையில் ஆளை வைத்திருக்கும் வீடு. திறந்திருக்கும் ஒன்பதாவது வீட்டில் இளைப்பாறிய ஆசிரியர் இருப்பார், தேநீரும் கிடைக்கும், ஆனால் உங்கள் கணக்கு அந்த நிமிடமே வசதியுள்ளவர் பக்கம் சாய்ந்துவிடும். பூட்டிய வீட்டுக்கு இன்னும் இருமுறை, அதில் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ, போய்ப் பார்த்த பின்பே அதை விட வேண்டும்; விட்டதையும் எண்ணி அறிக்கையில் எழுத வேண்டும்.

அளவீடுகளில் சிக்கனமும் ஒழுங்கும் தேவை. இரத்த அழுத்தத்துக்கு, வெயிலில் நின்று வந்தவரை ஐந்து நிமிடமாவது கதிரையில் சாய்ந்திருக்கச் செய்து, இருமுறை எடுங்கள். ஒரே நாளில் 140/90 க்கு மேல் கண்டதை வைத்து ‘உங்களுக்குப் பிரெஷர்’ என்று தீர்ப்புச் சொல்லாமல், மறுபடி அளக்க நாள் குறியுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடும் போசாக்கின்மை, 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம். குழந்தையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக்கோடு எந்த மாதத்திலிருந்து சரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தாய் வேலைக்குத் திரும்பிய மாதமாகவோ குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்த மாதமாகவோ இருக்கும். திரிபோஷாச் சத்துமா கொடுக்கப்படும் வீட்டில் அதை யார் உண்கிறார்கள் என்ற கேள்வியை அதட்டாமல் கேளுங்கள். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த பை மூவருக்கும் பங்காவது இயல்பு.

‘வீட்டில் எத்தனை பேர்?’ என்ற முதற் கேள்வியே வன்னியில் எளிதானதல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தின் பொருளே அந்தக் கட்டத்துக்குள் ‘இறந்தவர்’ என்று எழுத மறுப்பதுதான். ஆகவே ‘இப்போது இந்த வீட்டில் சாப்பிட்டுப் படுப்பவர் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். அம்மா தானாக மகனின் பெயரைச் சொன்னால் பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். படிவத்தில் தனி வரி ஒன்று அதற்காக இருக்கட்டும்.

தனியாகத் தேடவேண்டியவர்கள்

ஐந்தாவது வீட்டுக் கணக்கில் அகப்படாத சிலர் எப்போதும் இருப்பார்கள். உடலில் குண்டுச் சிதறலோடு வாழ்பவர்கள் அதில் ஒரு பகுதியினர். ‘பீஸ் இருக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். வலி வரும்போது வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கூலிக்குப் போவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும் வைத்தியரிடம் அந்த இரும்பைப் பற்றி முன்னதாகவே சொல்ல வேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லி, கிளினிக் புத்தகத்தின் முகப்பில் எழுதிக் கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கால் இழந்தவர்களிடம், பொய்க்கால் உண்டா என்பதோடு நில்லாமல், அது பொருந்துகிறதா, கடைசியாக எப்போது மாற்றினார்கள், சேற்று வயலில் அதைப் போட்டு இறங்க முடிகிறதா என்று கேளுங்கள். முழங்கால் முனையில் புண் வந்து பொய்க்காலைக் கழற்றி மூலையில் வைத்திருப்பவரைப் பட்டியலில் ‘பொய்க்கால் உண்டு’ என்று எழுதுவது பிழையான எண்.

1958, 1977, 1983 வன்முறைகளைத் தொடர்ந்து மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் சந்ததியினர் வன்னியின் பல குடியிருப்புகளில் வாழ்கின்றனர். காணி உறுதியும் நீர்ப்பாசன வயலும் இல்லாத வீடுகள் அவர்களிடையே அதிகம். ஊர்ச் சங்கங்களின் பதவிகளில் அவர்கள் குறைவு. கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர்களிடம் தனியாகப் பேசாவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு உங்கள் அறிக்கைக்குள் அப்படியே படிந்துவிடும்.

மனநலத்தைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது: அனுப்புவதற்கு ஓர் இடமும் ஆளும் உறுதியாகாமல் போர் அனுபவத்தைக் கிளறும் கேள்விகளைக் கேட்கக் கூடாது. நித்திரை, பசி, வேலைக்குப் போக மனமின்மை பற்றிக் கேட்டாலே போதிய அளவு தெரியவரும். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அன்றைய கணிப்பு அதோடு முடிகிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றே தகவல் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணைக் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுங்கள். பூச்சிமருந்துப் போத்தல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் பூட்டி வைக்கச் செய்யுங்கள்.

எண்களைக் கையாளுதல்

கிராமத்தின் எண்கள் சிறியவை. சிறிய எண்கள் ஏமாற்றும். ஆண்டுக்கு 40 பிறப்புகள் உள்ள பிரிவில் சென்ற ஆண்டு 4 குழந்தைகளும் இந்த ஆண்டு 7 குழந்தைகளும் 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தால், 10 வீதம் 17.5 வீதமாக உயர்ந்துவிட்டது என்று தலைப்பிட்டு எழுத வேண்டாம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அத்துடன் அந்த ஏழு தாய்மாரின் பதிவையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஏழு பேரில் நால்வர் ஒரே ஒழுங்கையைச் சேர்ந்தவர்களாகவோ, நால்வரும் கர்ப்பத்தை மூன்றாம் மாதத்துக்குப் பின் பதிந்தவர்களாகவோ இருந்தால் அதுவே கண்டுபிடிப்பு.

பூச்சியங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு பிரிவில் ஓராண்டில் ஒரு எலிக்காய்ச்சலும் அறிவிக்கப்படவில்லை என்றால், அங்கே நோய் இல்லையா, அல்லது காய்ச்சல் வந்தவர்கள் நகரத்துத் தனியார் மருந்தகத்துக்குப் போனார்களா என்று கேளுங்கள். இதற்கு நேர்மாறான பாடம் மலேரியா. ஒரு காலத்தில் வன்னிக் காய்ச்சல் என்றால் மலேரியாதான். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 இல் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்றளித்தது. இங்கே பூச்சியம் உண்மையானது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பினம் கண்டறியப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவதும், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகுவதும் அதுவே. ஆகவே கடல் கடந்து போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் பயண விபரம் கேட்பதை நிறுத்த முடியாது.

எதை முதலில் செய்வது

பாதிக்கப்பட்டோர் அளவு, கடுமை, நம்மால் செய்யக்கூடிய அளவு, மக்களின் அக்கறை ஆகிய நான்குக்கும் மூன்றுவரை புள்ளியிட்டு வரிசைப்படுத்துவது வழக்கம். கற்பனைக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுப்படாத இரத்த அழுத்தத்துக்கு 3, 2, 3, 1. எலிக்காய்ச்சலுக்கு 1, 3, 3, 2. கசிப்புக்கு 2, 3, 1, 3. மூன்றுக்கும் கூட்டுத்தொகை ஒன்பது! புள்ளிமுறையின் பயன் விடையைத் தருவதல்ல. எதைப் பற்றி வாதிட வேண்டும் என்று காட்டுவதே. இந்த இடத்தில் நான் காலத்தைப் பார்ப்பேன். காலபோக விதைப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தால் எலிக்காய்ச்சல்தான் முதலாவது. ஏனெனில் வயலில் இறங்குமுன் கமக்காரருக்கு டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்தைக் கொடுக்க, பரிசோதகரும் கமக்காரர் அமைப்பும் ஒன்றாக இருந்து பட்டியல் எடுக்க வேண்டும். சேற்றில் இறங்கிய பின் செய்வது பிந்தியதாகும். யாழ்ப்பாணத்தில் 2024 டிசம்பரில் காய்ச்சலால் உயிர்கள் போய், அது எலிக்காய்ச்சல் என உறுதியானதை இங்கே எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மருந்தை மறுப்போரும் குறைவாக இருப்பர். இரத்த அழுத்தத்தை அறுவடை முடியும்வரை தள்ளலாம். தள்ளும்போது அதற்கும் திகதி குறிக்க வேண்டும். கசிப்பு தாதியின் கைக்கு அப்பாற்பட்டது. ஆனால் மாதர் சங்கம் எழுதும் முறைப்பாட்டுக்கு உங்கள் கணிப்பின் எண் துணைநிற்கும்.

கிராமத்துக்குத் திருப்பிச் சொல்லுதல்

அறிக்கை சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகுமுன்னோ போன கையோடோ, அதன் சாரம் ஊருக்குப் போக வேண்டும். சனசமூக நிலையத்தில் ஒரு மாலை, ஒரு பெரிய தாள், ஐந்தாறு எண்கள் போதும். எந்த வீடும் ஆளும் அடையாளம் தெரியாதபடி சொல்லுங்கள். அறுபது வீடுள்ள ஊரில் ‘ஒரு குடும்பத்தில் காசநோய்’ என்றாலே எந்த வீடென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கணிப்பில் அகப்படாத, ஆனால் மக்கள் சொன்ன குறைகளையும் அதே தாளில் எழுதி, எது உங்களால் முடியும், எதை எந்தப் பணிமனைக்கு எழுதியிருக்கிறீர்கள், எது இப்போதைக்கு முடியாது என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். புளோரைட்டுக்கான கடிதம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குப் போயிருந்தால் அதன் திகதியையும் எழுதுங்கள்.

திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளும் ஒரு மாதமும் இருக்கட்டும். அளவுகோலும் எளிதாக இருக்க வேண்டும்: பூட்டியிருந்த வீடுகளில் எத்தனைக்கு மாலை வருகை நடந்தது, ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு வந்த ஆண்களின் தொகை கூடியதா, விதைப்புக்கு முன் டொக்சிசைக்கிளின் எடுத்தவர் பட்டியலில் குத்தகை வயலில் கூலிக்கு இறங்குபவர்கள் சேர்ந்தார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், வயல் சொந்தமாக உள்ளவர்கள் மட்டுமே கமக்காரர் அமைப்பின் பட்டியலில் இருப்பார்கள். சேற்றில் நாள் முழுக்க நிற்பவர் அங்கே இருக்கமாட்டார். அந்தப் பெயர்களை முச்சக்கரவண்டிக்காரரிடமும் பெட்டிக்கடையிலும் கேட்டு எழுதிக்கொண்டு, மாசி, பங்குனி அறுவடை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் கிழமையில் பதிவேட்டோடு மறுபடி வரும் திகதியை அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.